இரவு வானில் ஒரு 'பீப்': ஆப் சொல்லும் பெயரை அப்படியே நம்பலாமா?

செப்டம்பர் மாத நள்ளிரவு. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரம் அடங்கிக் கிடக்கிறது. பால்கனியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால், தலைக்கு மேலே இருட்டுக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். அரை நொடிகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று. கிட்டத்தட்ட குட்டித் தவளை கத்துவது மாதிரி. ஆனால், தவளை எப்படி ஆகாயத்தில் கத்தும்?

அது தவளை இல்லை. கனடாவின் ஊசியிலைக் காடுகளிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பறவை. எடை 30 கிராம் சொச்சம். பெயர் ஸ்வெயின்சன்ஸ் த்ரஷ். தமிழில் த்ரஷ் வகைப் பறவைகளைப் பூங்குருவி என்கிறோம். நம் ஊர்த் தோட்டங்களில் இலைச் சருகைப் புரட்டிப்போட்டு இரை தேடும் செந்தலைப் பூங்குருவிக்கு அது தூரத்துச் சொந்தம்.

முன்பெல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டால் 'என்னமோ ஒரு பறவை' என்று விட்டுவிடுவார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது. ரெக்கார்ட் பண்ணி ஒரு மென்பொருளிடம் கொடுத்தால், அது ஒரு பெயரைச் சொல்கிறது. பக்கத்தில் 'நம்பகத்தன்மை இத்தனை சதவீதம்' என்று ஓர் எண்ணும் வருகிறது. அதை அப்படியே எடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிடுவதுதான் இன்று பலரும் செய்யும் வேலை.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரவில் பறக்கும் பூங்குருவியின் குரலுக்குத் தவறான பெயர் போடுவதைவிட, பெயரே போடாமல் 'ஏதோ ஒரு பூங்குருவி' என்று எழுதிவைப்பது எவ்வளவோ மேல். கேட்க சப்பென்று இருக்கலாம். ஆனால், அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் ஒரு பறவையின் கணக்கு இந்த நேர்மையை நம்பித்தான் இருக்கிறது.

ராத்திரியில் ஏன் பறக்கின்றன?

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகும். பகலில் வல்லூறு, ராஜாளி பயம். இரவுக் காற்று குளிர்ச்சியானது, சலனமும் குறைவு. பகல் நேரம் சாப்பிட்டு உடம்பு தேற்ற மிச்சமாகும்.

1973-ல் வில்லியம் காக்ரன் என்ற ஆய்வாளர் ஒரு ஸ்வெயின்சன்ஸ் த்ரஷ்ஷின் உடம்பில் சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, ஆன்டெனா வைத்த வண்டியில் அதன் பின்னாலேயே போனார். அமெரிக்காவின் இல்லினாயில் தொடங்கிய துரத்தல் கனடாவின் மனிடோபாவில் முடிந்தது. சுமார் 1,500 கிலோமீட்டர். பகலில் பறவை இறங்கி இரை தேடும், இருட்டியதும் கிளம்பும், இவரும் கிளம்புவார். ஜி.பி.எஸ். எல்லாம் இல்லாத காலத்தில் 30 கிராம் பறவைக்காக ஒரு மனிதர் ராத்திரி ராத்திரியாக வண்டி ஓட்டியிருக்கிறார் என்பதே தனிக் கதை.

பறக்கும்போது இவை பாடுவதில்லை. பாட்டு என்பது காட்டில், இணையைத் தேடும் பருவத்தில். வானில் வருவது ஒற்றைச் சத்தம், அழைப்பு. கூடவே பறக்கும் மற்ற பறவைகளோடு தொடர்பில் இருக்கவும், இருட்டில் திசை தடுமாறாமல் சேர்ந்து போகவும் இது உதவுகிறது என்பது பரவலான கருத்து.

வானிலை ரேடாரிலும் பறவைக் கூட்டம் தெரியும். எத்தனை லட்சம் பறவைகள் எந்தத் திசையில் போகின்றன என்று அது சொல்லிவிடும். ஆனால், அவை என்ன பறவைகள் என்று ரேடார் சொல்லாது. அந்த இருட்டில் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரே விஷயம் அந்தக் குட்டிச் சத்தம்தான். அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு.

ஒரு சத்தத்தை எப்படி 'பார்ப்பது'?

காதை மட்டும் நம்பி இந்த வேலை ஆகாது. ஒலியைப் படமாக மாற்றும் ஸ்பெக்ட்ரோகிராம் வேண்டும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். ஒவ்வொரு அழைப்பும் திரையில் சின்னக் கீறல் போல விழும். மேலே வளைகிறதா, கீழே சரிகிறதா, கோடு மழமழவென்று இருக்கிறதா, நடுக்கத்தோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள்.

பூங்குருவிகளின் குரல் பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும். அதே வானில் பறக்கும் வார்ப்ளர் வகைச் சிறு பறவைகளின் குரல் அதற்கு மேலே, கீச்சென்று இருக்கும். எனவே 'பூங்குருவியா, வேறு ஏதாவதா' என்பதைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. கொஞ்சம் பழகினால் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும்.

எந்தப் பூங்குருவி என்பதில்தான் தலைவலி.

ஸ்வெயின்சன்ஸ் த்ரஷ்ஷின் அழைப்பு தெளிவானது. சட்டென்று எழும்பி அப்படியே நீளும். தவளையை நினைவூட்டுவது இதுதான். வீரி என்ற இனத்தின் குரல் சற்றுத் தாழ்ந்து, கரகரப்போடு கீழே இறங்கும். ஹெர்மிட் த்ரஷ் மெல்லிய ஒற்றை விசில். வுட் த்ரஷ்ஷுடையது அழுத்தமான ரீங்காரம். கிரே-சீக்டு த்ரஷ், அதாவது சாம்பல்கன்னப் பூங்குருவி, மூக்கால் பேசுகிற மாதிரி இழுத்து இறக்கும்.

படிக்கும்போது எளிதாக இருக்கிறதல்லவா? பாடப்புத்தகத்தில் எல்லாமே இப்படித்தான் இருக்கும். நிஜத்தில் பறவை சில நூறு மீட்டர் உயரத்தில் போகிறது. தூரம் கூடக் கூட உயர் அதிர்வெண் ஒலிகள் காற்றிலேயே கரைந்துபோகின்றன. கோட்டின் தொடக்கமோ முடிவோ காணாமல் போய், நடுத்துண்டு மட்டும் மைக்கில் விழுகிறது. கட்டடத்தில் பட்டு எதிரொலிக்கிறது. செப்டம்பர் என்றால் சில்வண்டுகள் வேறு விடிய விடியக் கச்சேரி வைக்கும். போதாக்குறைக்கு, ஒரே இனத்துக்குள்ளேயே ஒவ்வொரு பறவையின் குரலும் கொஞ்சம் மாறும். சில ஸ்வெயின்சன்ஸ் கரகரப்பாகக் குரல் கொடுத்து வீரியோ என்று குழப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பகலில் சந்தேகம் வந்தால் பைனாகுலரைத் தூக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எதைத் தூக்குவது?

பூத்தொட்டி மைக்கும் பல ஆண்டு உழைப்பும்

இந்தக் குரல்களுக்குப் பெயர் கிடைத்ததே நேற்று முந்தாநாள் கதை. 1896 செப்டம்பர் 14-ம் தேதி இரவு, விஸ்கான்சின் மாநிலம் மாடிசன் நகருக்கு அருகே ஒரு குன்றில் உட்கார்ந்து ஓரின் லிபி என்பவர் வானில் கேட்ட அழைப்புகளை எண்ணினார். ஒரே இரவில் 3,800. ரெக்கார்டர் கிடையாது, ஸ்பெக்ட்ரோகிராம் கிடையாது. காதும் நோட்டும்தான். ஒவ்வொரு குரலுக்கும் இனப்பெயர் ஒட்டும் வசதி அவருக்கு இல்லை. ஆனாலும் அந்த எண் இன்றுவரை ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

1950-களின் கடைசியில் இல்லினாயில் ரிச்சர்ட் கிரேபரும் அதே காக்ரனும் டேப் ரெக்கார்டரை வானத்தை நோக்கித் திருப்பினார்கள். அடுத்த பெரிய பாய்ச்சலுக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மினசோட்டாவில் ஆற்றங்கரை மேட்டில் முகாமிட்டிருந்த பில் எவன்ஸ் என்ற இளைஞர், இரவு முழுவதும் தலைக்கு மேல் பறவைகள் குரல் கொடுத்தபடி கடப்பதைக் கேட்டார். இதையெல்லாம் பதிவு செய்தால் என்ன என்று தோன்றியது. அதுவே வாழ்க்கை வேலையாகிவிட்டது. பிளாஸ்டிக் பூத்தொட்டிக்குள் சின்ன மைக்கை வைத்து, மழை புகாமல் வாயை சமையலறை பிளாஸ்டிக் உறையால் மூடிய அவருடைய மலிவு விலை மைக், இந்தத் துறையில் இன்றும் பிரபலம்.

2002-ல் எவன்ஸும் மைக்கேல் ஓ'பிரையனும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பறவைகளுடைய பறப்பு அழைப்புகளை ஒரு சி.டி.-ராமாக வெளியிட்டார்கள். பகலில் கண்ணால் பார்த்த பறவையின் குரலை இரவுக் குரலோடு ஒப்பிட்டு, எந்த இனம் எந்தத் தேதியில் எந்த வழியாகப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு குரலுக்கும் உரியவரைத் தேடிய உழைப்பு அது. இன்றைய மென்பொருள்கள் நிற்பது இப்படிப்பட்ட அடித்தளத்தின் மேல்தான். அந்த மனிதர்களுக்குப் பல குரல்களில் சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதியும் வைத்தார்கள். போன் திரையில் வரும் பெயரில் அந்தத் தயக்கம் காணாமல் போய்விடுகிறது.

பிக்னெல்: தப்பான பெயர் எங்கே வலிக்கும்?

நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைகளில் 1881-ல் யூஜின் பிக்னெல் என்பவர் ஒரு பூங்குருவியைக் கண்டெடுத்தார். பார்க்க அச்சு அசலாக சாம்பல்கன்னப் பூங்குருவி. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் கிளையினம் என்றே கருதப்பட்டது. 1995-ல்தான் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது: பிக்னெல்ஸ் த்ரஷ்.

இரண்டின் வாழ்க்கையும் வேறு வேறு. சாம்பல்கன்னத்தின் சொந்த ஊர் பெரியது. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அலாஸ்கா தாண்டி ரஷ்யாவின் தூரக் கிழக்கு வரை. பிக்னெலுக்கோ அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலும் அதையொட்டிய கனடாவிலும் உள்ள மலை உச்சிகள் மட்டும்தான். குட்டையான பால்சம் ஃபிர் மரக் காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்துக்கு டொமினிகன் குடியரசு, ஹைட்டி, கியூபா, ஜமைக்கா எனக் கரீபியன் தீவுகளுக்குப் போகும். ஒரு பக்கம் பருவநிலை மாற்றத்தால் மலை உச்சிக் காடு சுருங்குகிறது. மறுபக்கம் தீவுகளில் காடு வெட்டப்படுகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. கனடாவிலும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்.

இந்தப் பறவை வலசை போகும் வழி எது, எந்தத் தேதியில் எந்தக் கடற்கரையைத் தாண்டுகிறது? பகலில் கையில் பிடித்து அளந்து பார்த்தாலும் சாம்பல்கன்னத்திலிருந்து பிரிப்பது சிரமம் என்பதால், இரவுக் குரல் முக்கியத் துப்பு. தனி இனமாக ஏற்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, 1994-ல், எவன்ஸ் பிக்னெலின் இரவு அழைப்பை ஓர் ஆய்விதழில் விவரித்துவிட்டார். சாம்பல்கன்னத்தின் குரலைவிட இது பொதுவாகக் கொஞ்சம் உச்சஸ்தாயி.

'பொதுவாக', 'கொஞ்சம்'. இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் மொத்த ஆபத்தும் இருக்கிறது. தெளிவாகப் பதிவான குரல் என்றால் தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தேய்ந்து வந்த குரல் என்றால் அவர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த இடத்தில் ஒரு மென்பொருள் இரண்டில் ஒரு பெயரை எடுத்து நீட்டினால், அது ஏறக்குறைய பூவா தலையா போடுவதுதான்.

ஒரு மலைமுகட்டில் காற்றாலையோ செல்போன் கோபுரமோ வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியாக பிக்னெல் போகிறதா என்று அதிகாரிகள் பழைய பதிவுகளைப் புரட்டுகிறார்கள். உண்மையில் பிக்னெலாக இருந்த 20 குரல்கள் சாம்பல்கன்னமாகப் பதிவாகியிருந்தால், பறவைக்கு அநியாயம். சாம்பல்கன்னமாக இருந்த 20 குரல்கள் பிக்னெலாகப் பதிவாகியிருந்தால், அந்த இனம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற பொய் நிம்மதி. 'இந்த இரண்டில் ஒன்று' என்று எழுதியிருந்தால்? குறைந்தபட்சம், சரியான மைக்கோடு இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாவது யாருக்காவது தோன்றும்.

'அப்படின்னா டெக்னாலஜியே வேண்டாமா?'

அப்படி யாரும் சொல்லவில்லை. ஓர் இரவுக்கு ஒன்பது, பத்து மணி நேரப் பதிவு. இரண்டு மாத சீசன். அதை உட்கார்ந்து முழுசாகக் கேட்க யாராலும் முடியாது. கார்னெல், நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பேர்ட்வாக்ஸ், பின்னர் வந்த நைட்ஹாக் போன்ற கருவிகள் இல்லையென்றால் இத்துறை இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. 2020 ஊரடங்கில் பிரிட்டனில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஜன்னலோரம் ரெக்கார்டரை வைத்து, ரெட்விங் பூங்குருவிகளையும் இரவோடு இரவாக நாட்டைக் கடக்கும் கடல் வாத்துகளையும் கேட்டு மலைத்துப்போனார்கள். வெறும் ஆர்வத்தில் தொடங்கியவர்கள்தான். அவர்களைப் பார்த்து 'உங்களுக்கு எதற்கு இந்த வேலை' என்று கேட்பது வல்லுநர்களின் பந்தா.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. நைட்ஹாக் மாதிரியான நல்ல கருவிகள் எப்போதும் இனத்தின் பெயரையே சொல்ல வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. நிச்சயமில்லை என்றால் ஒரு படி மேலே ஏறி, குடும்பத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இயந்திரமே 'எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்கிறது. பயன்படுத்துபவர்தான் விடுவதில்லை. காரணம் எளிது. 'பிக்னெல் கேட்டேன்' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால் லைக் அள்ளும். 'ஏதோ ஒரு பூங்குருவி' என்று போட்டால் யார் சீண்டுவார்கள்? ஆண்டுப் பட்டியலில் ஒரு எண் கூடாதே!

சென்னையிலும் கோவையிலும் காலை நடையில் மெர்லின் ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்த ஆசை புரியும். அங்கேயாவது குரல் வந்த மரத்தை அண்ணாந்து பார்க்க முடிகிறது.

சதவீத எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். '90' என்று வந்தால் நூற்றில் 90 முறை சரி என்று அர்த்தமில்லை. பயிற்சியில் பார்த்த மாதிரிகளோடு இந்தப் பதிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. குளத்தோரம் மைக்கை வைத்தால் நிஜத் தவளைக்கும் நல்ல மார்க் விழலாம். வட அமெரிக்காவின் ஸ்பிரிங் பீப்பர் தவளையின் குரலும் பூங்குருவிக் குரலின் அதிர்வெண் எல்லைக்குள்தான் வருகிறது.

எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை தேவை. நூறு அழைப்பு என்றால் நூறு பறவை இல்லை. ஒரே பறவை நாலு தடவை கத்தியிருக்கலாம். நாற்பது பறவைகள் வாயே திறக்காமல் போயிருக்கலாம். மேகம் தாழ்ந்த இரவுகளில், நகர வெளிச்சத்துக்கு மேலே, அழைப்புகள் எகிறும்.

குரலும் கண்ணாடியும்

அந்த வெளிச்சம்தான் இந்தப் பேச்சை வெறும் பொழுதுபோக்கிலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. சிகாகோ ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற பிரம்மாண்ட மாநாட்டு அரங்கு இருக்கிறது. அங்கே கண்ணாடியில் மோதிச் செத்த பறவைகளை 1978 முதல் ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்ட் சேகரித்து வந்தார். சிகாகோ, கிளீவ்லாந்து நகரங்களில் இப்படிச் சேர்ந்த சுமார் 40 ஆண்டுக் கணக்கை, அதாவது கிட்டத்தட்ட 70 ஆயிரம் மோதல்களை, அலசிய ஆய்வு 2019-ல் வெளியானது. இரவில் அழைப்பு விடும் வழக்கமுள்ள இனங்கள், அழைக்காத இனங்களைவிட அதிகமாக மோதியிருந்தன. வெளிச்சத்தில் தடுமாறிய பறவை குரல் கொடுக்க, அதைக் கேட்டு மற்றவையும் அங்கேயே வந்து சிக்குகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2023 அக்டோபர் 5-ம் தேதி காலை அந்த ஒரு கட்டடத்தின் அடியில் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் இறந்து கிடந்தன. அடுத்த ஆண்டு கண்ணாடிகள் மீது பறவைகளுக்குத் தெரியும்படி புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டது. மோதல்கள் பெருமளவு குறைந்தன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றப்படும் ஒளித்தூண்களில் பறவைகள் ஆயிரத்துக்கு மேல் சுற்றினால், 20 நிமிடங்கள் விளக்கை அணைக்கிறார்கள்.

இந்த முடிவுகளுக்கெல்லாம் ஆதாரம், எந்த இனம் அழைக்கும், எந்த இனம் அழைக்காது என்று பொறுமையாகச் சேர்த்த பட்டியல். அந்தப் பட்டியலில் ஊகங்கள் கலந்திருந்தால், ஆய்வின் முடிவும் ஆட்டம் கண்டிருக்கும். வட அமெரிக்காவில் 1970-லிருந்து பறவைகளின் எண்ணிக்கை சுமார் 290 கோடி குறைந்திருக்கிறது என்று 2019-ல் கணக்கிட்டார்கள். குறைகிற ஒன்றை அளக்கும்போது அளவுகோல் தெளிவாக இருக்க வேண்டாமா?

நடைமுறையில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பதிவை அழிக்காமல் வைத்துக்கொள்வது. பெயரோடு ஒலித்துண்டையும் சேர்த்து ஏற்றுவது. நாளைக்கு யாராவது தேர்ந்தவர் கேட்டுத் திருத்தட்டும். மென்பொருள் சொன்ன பெயரை ஒருமுறையாவது ஸ்பெக்ட்ரோகிராமில் சொந்தக் கண்ணால் ஒப்பிடுவது. நியூ ஜெர்சியிலோ சிகாகோவிலோ வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு செப்டம்பரில் இதற்கு மொட்டை மாடிகூட வேண்டாம், திறந்த ஜன்னல் போதும்.

இ-பேர்டு தரவுத்தளத்தில் இரவு அழைப்புகளுக்கென்றே தனிப் பதிவு முறை இருக்கிறது. அதன் பெயர்ப் பட்டியலில் 'கிரே-சீக்டு / பிக்னெல்ஸ் த்ரஷ்' என்று நடுவில் சாய்கோடு போட்ட ஒரு வரி உண்டு. அதற்கும் மேலே, எந்த இனம் என்றே சொல்லாத 'த்ரஷ்' என்ற பொது வரியும் உண்டு. இரண்டையும் தாராளமாக டிக் பண்ணலாம்.